வெள்ளெழுத்து வயதில் வெள்ளை எழுத்து நல்லதா?

“டாக்டர் தம்பி, என் கண்ணுல என்னமோ கோளாறு. ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. அன்னிக்கு இவுக பிழைச்சதே பெரிய காரியம்!”

சென்ற மாதம் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் அம்மாள் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வயது 66. கூடவே கணவரும் வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், 72 வயது. பல வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக இன்சுலின். ஊசி போட்டு விடுவது அம்மாள்தான்.

நடந்தது இதுதான். இரவில் 8 யூனிட் போட்டுக் கொண்டிருந்தவருக்கு, சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து போகிறது என்று அவருடைய டாக்டர் 6 யூனிட்டாகக் குறைத்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகள், அம்மாவின் செல்போனில் இருக்கும் மருந்து நினைவூட்டும் ஆப்பில் அந்த எண்ணை அங்கிருந்தபடியே மாற்றிவிட்டாள். அதற்கு ஒரு வாரம் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது, “கண்ணு எரியுது, எரியுதுன்னு சொல்றியேம்மா, டார்க் மோட் போட்டுத் தர்றேன். கண்ணுக்கு நல்லது” என்று திரையையும் கருப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அன்று இரவு கருப்புத் திரையில் மங்கலான சாம்பல் நிறத்தில் எண் வந்தது. பார்த்துப் பழகிய எட்டுதான் என்று நினைத்து அம்மாள் எட்டு யூனிட் போட்டுவிட்டார். கணவரோ பசியில்லை என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டுது தம்பி. கை நடுங்குது. பேச்சு குழறுது. சீனியைக் கரைச்சுக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினோம். எவ்வளவு போட்டீங்கன்னு அங்க கேட்டாக. செல்லை நீட்டினேன். ‘இதுல ஆறுன்னுல்லாம்மா போட்டிருக்கு’ன்னாரு. எனக்கு உசுரே போயிட்டு!”

என்னிடம் அவர் வந்தது கண் எரிச்சலுக்காகத்தான். இன்சுலின் அளவில் நான் தலையிடவில்லை. அது அவருடைய டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் செல்போனைக் கேட்டு வாங்கினேன். கையோடு கொண்டு வந்திருந்த கண்ணாடிச் சீட்டையும் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் ‘சிலிண்டர்’ பவர் எழுதியிருந்தது. திரையை வெள்ளைக்கு மாற்றி, அதே பக்கத்தைக் காட்டினேன்.

“இப்ப படிங்க அம்மா.”

“ஆறு... ஆறுல்லா போட்டிருக்கு!” அவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியர் போனை வாங்கிப் பார்த்தார். “என்ன டாக்டர் இது, இப்படிக் கூசுது! எனக்கு அந்தக் கருப்புதான் வாகா இருந்துச்சு” என்றார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து வருகிறது.

ஒரே வீடு. ஒரே செல்போன். மனைவிக்கு வெள்ளைத் திரை தெளிவு. கணவருக்குக் கருப்புத் திரை இதம். அப்படியானால் எது நல்லது? எது கெட்டது? வாசகர்களில் பலர் இதைக் கடிதத்திலும் நேரிலும் கேட்டுவிட்டீர்கள். இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

லைட் மோட், டார்க் மோட் என்றால்?

வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து லைட் மோட். புத்தகம் மாதிரி. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து டார்க் மோட். பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி.

இது புதுமை ஒன்றும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் கருப்புத் திரையில் பச்சை எழுத்து மினுக் மினுக்கென்று வந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். காகிதத்தைப் போல வெள்ளைத் திரையில் கருப்பு எழுத்தைக் காட்டும் முறையை 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்த ‘ஆல்டோ’ கம்ப்யூட்டர் கொண்டு வந்தது. 1984-ல் வந்த மெக்கின்டாஷ் அதை வீடுகளுக்குக் கொண்டு போனது. 2019 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு 10, ஐபோனின் ஐ.ஓ.எஸ். 13 இரண்டும் டார்க் மோடோடு வந்தன. 2020-ல் வாட்ஸ்அப்பிலும் வந்தது. அதோடு, ‘கருப்புத்தான் கண்ணுக்கு நல்லது’ என்ற பேச்சும் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது.

அந்தப் பேச்சு பாதி உண்மை. பாதி உண்மைதான் வைத்தியத்தில் ஆபத்து.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் நடுவில் இருக்கும் கருமணி ஒரு ஜன்னல். வெளிச்சம் அதிகமானால் சுருங்கும், குறைந்தால் விரியும். ஜன்னல் சுருங்கியிருக்கும்போது பார்வை கூர்மையாகும். நம்ப முடியவில்லையா? ஒரு அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் வழியே பொடி எழுத்தைப் பாருங்கள். மங்கலாக இருந்தது தெளிவாகும். வெள்ளைத் திரையைப் பார்க்கும்போது கருமணி சுருங்குவதால் இதே நன்மை கிடைக்கிறது. கருப்புத் திரையில் கருமணி விரிகிறது. கண்ணில் உள்ள சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன.

‘சிலிண்டர்’ பவர் உள்ளவர்களுக்கு, அதாவது விழியின் முன்பக்க வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு, இது இன்னும் சிரமம். கருப்பில் ஒளிரும் வெள்ளை எழுத்து ஓரங்களில் கசிந்து பரவும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறித் தெரிகிற மாதிரி. ஆறின் திறந்த வாய் மூடிக்கொண்டால் எட்டு. மூன்றும் அப்படித்தான். புள்ளி மறைந்தால் 2.5 என்பது 25. நம் தமிழ் எழுத்தில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம். ‘ன’வும் ‘ண’வும் ஒரு சுழி வித்தியாசம், மெய்யெழுத்தின் புள்ளியோ ஊசி முனை அளவு. எழுத்து கசிந்தால் முதலில் போவது இவைதான்.

நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவதை நம் பெரியவர்கள் ‘வெள்ளெழுத்து’ என்றார்கள். வெள்ளெழுத்துக்காரரிடம் போய் வெள்ளை எழுத்தைக் காட்டினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! ஜெர்மனியின் டூசல்டார்ப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். இளைஞர்கள், முதியவர்கள் இரு சாராருக்குமே வெளிறிய பின்னணியில் கருப்பு எழுத்துதான் தெளிவாகத் தெரிந்தது. பிழைகளையும் அதில்தான் சரியாகப் பிடித்தார்கள். எழுத்து பொடியாகப் பொடியாக இந்த வித்தியாசம் கூடுகிறது என்பதையும் அதே குழுவினர் அடுத்த ஆண்டே காட்டினார்கள்.

அப்படியானால் தலைமை ஆசிரியருக்கு மட்டும் கருப்பு ஏன் இதமாக இருந்தது? கண்புரை என்பது ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனி மாதிரி. வெள்ளைத் திரையின் மொத்த வெளிச்சமும் அந்தப் பனியில் பட்டுச் சிதறி, கண்ணுக்குள் ஒரு வெண்புகை போலப் பரவும். எழுத்து அதில் கரைந்துவிடும். பின்னணி கருப்பானால் சிதற வெளிச்சமே இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1985-லேயே இதைக் கண்டுபிடித்தார்கள்: கண்ணின் உட்பகுதி கலங்கியவர்கள், கருப்பில் வெள்ளை எழுத்தைத்தான் வேகமாகப் படித்தார்கள்.

சித்த மருத்துவத்தில், கண்ணில் நின்று பொருள்களைக் காட்டுவதை ஆலோசகப் பித்தம் என்போம். தலையில் நின்று கண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதைத் தர்ப்பகம் என்ற ஐயம் என்போம். ஒன்று ஒளி, மற்றது குளிர்ச்சி. கண்ணுக்கு இரண்டும் வேண்டும்; அளவோடு வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் உடம்பையும் வயதையும் பொழுதையும் பார்த்துத்தான். மருந்துக்குச் சொன்ன இந்த விதி செல்போன் திரைக்கும் பொருந்தும்.

நீங்கள் நம்புவதும், நிஜமும்

“டார்க் மோட் போட்டால் கண் எரிச்சல் போய்விடும்”: பெரும்பாலும் போகாது. எரிச்சலுக்கு முக்கியக் காரணம் நாம் இமைக்க மறப்பது. ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 1993-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22 தடவை இமைக்கும் கண், புத்தகம் படிக்கும்போது 10 தடவையும், கம்ப்யூட்டர் திரையில் படிக்கும்போது 7 தடவையும்தான் இமைத்தது. இமைக்காத கண் காயும். காய்ந்த கண் எரியும். திரை கருப்பானாலும் வெள்ளையானாலும் நீங்கள் முறைத்துப் பார்த்தால் எரிச்சல் ஒன்றுதான்.

“டார்க் மோட் போட்டுக்கொண்டு படுக்கையில் பார்த்தால் தூக்கம் கெடாது”: வெளிச்சம் குறைவதால் கொஞ்சம் நன்மை உண்டு. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 12 பேரை வைத்துச் செய்து 2014 டிசம்பரில் வெளியான ஆய்வில், தூங்கப் போகுமுன் ஒளிரும் திரையில் நான்கு மணி நேரம் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது ஆனதைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் சுரப்பும் தள்ளிப் போனது. ஆனால் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பது வெளிச்சம் மட்டுமா? “இன்னும் ஒரே ஒரு வீடியோ” என்கிற ஆசைக்குக் கருப்பு மோடும் இல்லை, வெள்ளை மோடும் இல்லை. அடக்கக் கூடாத 14 வேகங்களில் தூக்கத்தையும் ஒன்றாகச் சித்தர்கள் வைத்தார்கள். வந்த தூக்கத்தைத் திரையைக் காட்டி விரட்டாதீர்கள்.

“சார்ஜ் மிச்சமாகும்”: போனைப் பொறுத்தது. ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் விளக்கு. கருப்பு வரும் இடத்தில் விளக்கு அணைந்திருக்கும். எல்.சி.டி. திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும்; கருப்பு காட்டினாலும் மிச்சமில்லை. ஓ.எல்.இ.டி. போன்களை வைத்து அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-ல் அளந்து பார்த்தது. வெளிச்சத்தை முழுசாக வைத்தால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சம். நாம் வீட்டுக்குள் வழக்கமாக வைக்கிற 30, 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான்.

“குழந்தைக்கு டார்க் மோட் போட்டால் கண்ணாடி வராது”: அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஜெர்மனியில் 2018-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு, கருப்பில் வெள்ளை எழுத்து கிட்டப்பார்வைக் குறையைத் தடுக்க உதவலாம் என்று ஒரு குறிப்புக் காட்டியது. அது ஒருசில பேரை ஒரு மணி நேரம் படிக்க வைத்துப் பார்த்தது. அதை நம்பிப் பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிடக் கூடாது. தினமும் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் ஓடி விளையாடவிடுங்கள். அதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

“அங்கிள், நான்தான் தப்புப் பண்ணிட்டேனா?”

அன்று சாயந்திரமே சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். அழுதுகொண்டே கேட்டாள். விசாரித்தால், அவளுடைய வேலையே செல்போன் ஆப்களின் திரையை வடிவமைப்பதுதான்! “நானே இந்தத் துறையில இருந்துக்கிட்டு அம்மாவுக்கு இப்படிப் பண்ணிட்டேனே அங்கிள்” என்றாள்.

“நல்லெண்ணத்துலதானேம்மா செஞ்சே? ஆனா ஒரு வைத்தியர் நாடி பார்க்காம மருந்து கொடுத்த மாதிரி ஆயிட்டு. அந்த ஆப்பைச் செஞ்சவங்களும் பாதிப் பொறுப்பு” என்றேன். பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். கண்ணைப் பற்றி நான் சொன்னேன். திரையைப் பற்றி அவள் சொன்னாள். உங்கள் வீட்டிலும் இந்தத் துறையில் மகனோ மகளோ இருக்கலாம். அவர்களுக்காக அந்தப் பேச்சின் சாரத்தைத் தருகிறேன். ஆப் பயன்படுத்தும் மற்றவர்களும் படியுங்கள். நல்ல கத்தரிக்காயைப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு நல்ல ஆப்பையும் பார்த்து வாங்கத் தெரிய வேண்டாமா?

1. தலைகீழாக்குவது வடிவமைப்பு ஆகாது. வெள்ளையைக் கருப்பாகவும் கருப்பை வெள்ளையாகவும் திருப்பிப் போட்டால் டார்க் மோட் வந்துவிடாது. வெள்ளைத் திரையில் நிழல் போட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டலாம். கருப்பில் நிழல் தெரியாது. அங்கே முன்னால் நிற்கும் பெட்டியைக் கொஞ்சம் வெளிறிய சாம்பலாக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிட வேண்டும்.

2. அட்டைக் கருப்பும் வேண்டாம், பளீர் வெள்ளையும் வேண்டாம். கூகுளின் வடிவமைப்புக் கையேடு 2019-ல் சொன்ன யோசனை இது: பின்னணிக்கு 121212 என்ற எண்ணுள்ள கரிய சாம்பல், முக்கிய எழுத்துக்கு 87 சதவீத வெண்மை. எழுத்து கசிவது குறையும். முழுக் கருப்பில் திரையை நகர்த்தும்போது சில ஓ.எல்.இ.டி. போன்களில் எழுத்துக்குப் பின்னால் வால் போல மங்கல் இழுபடும், அதுவும் குறையும்.

3. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கருப்பும் வெள்ளையும் பக்கத்தில் வைத்தால் 21-க்கு 1. ஒரே நிறமானால் 1-க்கு 1. இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும். மேலான தரத்துக்குச் சாதாரண எழுத்துக்கு 7-க்கு 1. அம்மாள் பார்த்த சாம்பல் எண்ணை மகள் அன்றிரவே அளந்து பார்த்தாள். “மூணு கூட இல்லை அங்கிள்” என்றாள். மருந்து அளவு, சர்க்கரை அளவு, பண அளவு போன்றவை 7-க்குக் குறையாமல், திரையிலேயே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் தீர்மானம்.

4. நிறத்தைத் தணிக்க வேண்டும். வெள்ளையில் அழகாக இருக்கும் அடர் சிவப்பு, அடர் நீலம் கருப்பில் கண்ணைக் குத்தும், அல்லது மறைந்தே போகும். அதே நிறத்தின் வெளிறிய சாயலைப் போட வேண்டும். ‘சிவப்பு என்றால் ஆபத்து’ என்று நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். சிவப்பு பச்சை பேதம் தெரியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

5. மூன்று வழி வைக்க வேண்டும்: வெள்ளை, கருப்பு, ‘போன் எப்படியோ அப்படி’. அந்தப் பொத்தானை ஆறாவது பக்கத்தில் ஒளித்து வைக்காமல், பெரியவர்கள் விரலுக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். எந்த மோடில் இருந்தாலும் போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஆப்பிலும் பெரிதாக வேண்டும்.

6. சில விஷயங்கள் கருப்புக்கு மாறக் கூடாது. கடையில் காட்டும் கியூஆர் கட்டம் வெள்ளைமேல் கருப்பாகத்தான் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில கருவிகள் படிக்காது. டாக்டர் சீட்டின் படம், எக்ஸ்ரே படம் இவற்றின் நிறத்தையும் ஆப் தொடக் கூடாது.

7. ஆப் திறக்கும் அந்த ஒரு வினாடியையும் கவனிக்க வேண்டும். இருட்டில் டார்க் மோட் வைத்திருப்பவருக்குத் திறந்தவுடன் பளீரென்று வெள்ளைப் பக்கம் வந்தால் கண்ணில் அறைந்த மாதிரி இருக்கும்.

8. சோதனை யாரிடம்? ஏ.சி. அறையில் 25 வயது நண்பர்களிடம் காட்டி “சூப்பர்” வாங்கினால் போதாது. நடுப்பகல் பஸ் ஸ்டாப்பில், விளக்கணைத்த படுக்கையறையில், கீறல் விழுந்த பழைய போனில், அம்மா அப்பாவிடம் கொடுத்து எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும்.

“எங்க ஆபீஸ்ல இந்த எட்டாவதைத்தான் யாருமே செய்யறதில்லை அங்கிள்” என்றாள் அந்தப் பெண். “நீ ஆரம்பிம்மா” என்றேன்.

உங்களுக்கு எது? வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரே கட்டுரையைப் பகலில் பத்து நிமிடம் வெள்ளையிலும், பத்து நிமிடம் கருப்பிலும் படியுங்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில் அதையே மறுபடி செய்யுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் 3, 6, 8, 0.5, 2.5 என்று எண்களைக் கலந்து எழுதி, வீட்டில் ஒருவரை அவற்றைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மோடிலும் வாய்விட்டுப் படியுங்கள். எதில் தடுமாறவில்லையோ அதுவே உங்கள் மோட். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

பொதுவாகச் சொன்னால்:

நீண்ட நேரம் படிப்பவர்கள், ‘சிலிண்டர்’ பவர் உள்ளவர்கள், வெள்ளெழுத்துக்காரர்கள்: பகலிலும் வெளிச்சமான அறையிலும் வெள்ளை. பளீரென்று இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். மோடை மாற்ற வேண்டாம்.

கண்புரை உள்ளவர்கள், வெளிச்சம் பட்டாலே கூசுபவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள்: கருப்பு இதமாக இருக்கலாம். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருப்புத் திரை புரைக்கு வைத்தியம் அல்ல. கண் மருத்துவரிடம் காட்டி, தேவையானால் ஆபரேஷன் செய்துகொள்ளத் தயங்காதீர்கள்.

வெயிலில் நிற்கும்போது யாருக்குமே வெள்ளைதான். கருப்புத் திரையில் எழுத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும்!

விளக்கணைத்த அறையில் அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தால் கருப்பு, குறைந்த வெளிச்சத்தில். பொழுது சாய்ந்ததும் தானே மாறும்படி போனில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து அளவை இருட்டில் படிக்காதீர்கள். எழுந்து விளக்கைப் போட்டுப் படியுங்கள்.

எந்த மோடானாலும் இவை பொது

திரை முகத்திலிருந்து ஒரு முழ தூரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 வினாடி பாருங்கள். ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தாலும் போதும். அந்த நேரத்தில் கண்ணை நன்றாக மூடி மூடித் திறங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரமாவது போனுக்கு ஓய்வு.

பொன்னாங்கண்ணி, முருங்கை போன்ற கீரைகள், பப்பாளி, கேரட் எல்லாம் சாப்பாட்டில் அடிக்கடி இருக்கட்டும். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் எண்ணெய் முழுக்கும் நல்லது. ஆனால் ஒன்று: கீரை உங்கள் கண்ணாடிக்கு மாற்று அல்ல. விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கண்ணுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். கண் நோய்களை 96 என்று வகுத்த சித்த மருத்துவத்தில், கண்ணுக்கு மருந்து என்பது கைதேர்ந்தவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிவது, கண்ணில் கடும் வலி, திடீரென்று பார்வை மங்குவது, மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைவது – இவற்றில் எது வந்தாலும் மோடை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயாளிகள் தொந்தரவு இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டியாக வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று?

அம்மாளுக்குப் புதிதாகக் கண் பரிசோதனை செய்ததில் பவர் மாறியிருந்தது. கண்ணாடி மாற்றினார். அவருடைய போன் வெள்ளையில் இருக்கிறது. தலைமை ஆசிரியருக்குத் தனியாக ஒரு போன்; அது கருப்பில். புரை ஆபரேஷனுக்கும் நாள் குறித்தாயிற்று. ஆபரேஷன் முடிந்ததும், “இப்ப எது இதமா இருக்கு?” என்று மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கண் மாறினால் மோடும் மாறும்.

இன்னொரு பழக்கமும் அந்த வீட்டில் வந்திருக்கிறது. டாக்டர் அளவை மாற்றினால், மகள் ஆப்பில் மாற்றுவதோடு நிறுத்துவதில்லை. போன் செய்து, “அம்மா, எண்ணைப் படி” என்கிறாள். அம்மாள் சத்தமாகப் படிக்கிறார். பிறகு தடித்த பேனாவால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் அட்டையில் எழுதி வைக்கிறார். வெள்ளை அட்டையில் கருப்பு மை. கட்டை விரல் அளவு எண்.

போன வாரம் வந்திருந்தபோது அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, இப்பல்லாம் ஊசி போடுறதுக்கு முன்னாடி இவுகளும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த நம்பரைப் படிக்காக. ரெண்டு பேரும் ஒரே நம்பரைச் சொன்னாத்தான் ஊசி!”

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இன்று ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். எந்த மோடில் இருக்கிறது என்று பார்க்க மட்டும் அல்ல. “இதுல என்ன போட்டிருக்கு, படிங்க பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சரியாகப் படித்துவிட்டால், அதுவே சரியான மோட்.